பத்து நிமிடத்துக்கு ஒரு மீன்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு இந்தக் காகிதம் என்று நீ கேட்பாய். போனில் என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று நீயே சொல்கிறாய். போதாததற்கு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் அவள் ஒன்பது சொல்லி முடித்துவிடுகிறாள். சில விஷயங்களை யாரும் குறுக்கே வராமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குக் கடிதம்தான் சரி என்று பட்டது. முப்பத்தொரு வருஷம் கஸ்டமரிடம் நின்றுகொண்டே பேசியவன் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

ரிட்டயர் ஆகி மூன்று மாதம் ஆயிற்றே, பொழுது எப்படிப் போகிறது என்று போன வாரம் கேட்டாய், நான் சூப்பராகப் போகிறது என்று சொல்லிவிட்டேன். முழுக்க உண்மை இல்லை. முதல் மாதம் காலையில் எழுந்ததும் என்னை அறியாமல் சட்டைப் பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு ஹாலில் வந்து நின்றுவிடுவேன். ஒருநாள் அம்மா கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டாள், இந்தப் பக்கம் வாங்க மேடம் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னை சார் என்றுதான் கூப்பிட்டாள். காலுக்கு மட்டும் ரொம்ப சந்தோஷம். விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது என்பது எங்கள் டிவி ஷோரூம் சட்டம், உனக்குத் தெரியும். ஆரம்ப வருஷங்களில் ஷூ கடித்துக் கடித்துக் குதிகால் தோலே போய்விட்டது, ஆனாலும் வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது என்று நினைக்கிறேன், ஒருநாள் உன் அம்மா தானாகவே ஒரு அளவு பெரிய ஷூ வாங்கி வந்து கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சொல்லவே இல்லை. இருபத்தாறு வருஷம் தபாலாபீஸில் ஊர் வாரியாகத் தபால் பிரித்தவள் அல்லவா, உறையைத் தொட்டே உள்ளே போட்டோ இருக்கிறதா பத்திரிகை இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள், என் காலையும் அப்படித்தான் கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எல்லாம் எப்படியோ தெரிந்துவிடும்.

சரி, டிவி கதைக்கு வருகிறேன். கடைசி நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சுவர்க் கடிகாரம் வேணுமா இல்ல கண்ணாடி ஜன்னல்ல இருக்கிற அந்த ஐம்பத்தஞ்சு இன்ச் டிஸ்ப்ளே பீஸ் வேணுமா, புது மாடல் வந்தாச்சு, அதை எப்படியும் எடுக்கத்தான் போறோம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, டிவிதான் என்றேன். நம் வீட்டில் டிவி இல்லாத கதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்க நாற்பத்திரண்டு டிவிக்கு முன்னால் நிற்கிறவன் வீட்டுக்கு வந்தும் ஒன்றின் முகத்தில் முழிக்க முடியாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எதிர்வீட்டு வாத்தியார் கூட, ஊருக்கெல்லாம் டிவி மாட்டிவிட்டு இவர் வீட்டில் ஆணி மட்டும் மாட்டியிருக்கிறார் என்று கிண்டல் செய்வார். அம்மா மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை நான் முடியாது என்றதும், ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டாள், அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன், அந்தப் பேட்டரி இன்னும் மனதில் இருக்கிறது. அதனால் இந்த டிவியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வேண்டும், சாயங்காலம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

மாட்டுவதற்கு நம் ஏணி வந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், ஷோரூமில் டிவி விற்றால் வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டிக் கொடுக்கிறவர், ஏணி இல்லாமலே கூரையைத் தொடுகிற உயரம், அதனால்தான் அந்தப் பெயர். சுவரில் இரும்புச் சட்டத்தை இறுக்கி டிவியைத் தூக்கி மாட்டிவிட்டு, நானே ஆன் பண்ணி செட் பண்ணிக் கொடுத்துடறேன்ணே என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஆன் பண்ணாத டிவியா, நீ அடுத்த வீட்டுக்குப் போப்பா என்று அனுப்பிவிட்டேன். கடையிலிருந்து கிளப்பும்போது உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள், அதனால் புது டிவி மாதிரி முதலில் நாலைந்து கேள்வி கேட்டது. எந்த மொழி, எந்த நேரம், அது இது என்று. நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே, டக் டக் டக் என்று அழுத்தினேன். எத்தனை நூறு டிவிக்குச் செய்த வேலை, கட்டைவிரலுக்கே பாடம். படம் வந்தது பார், ஹால் முழுக்க வெளிச்சம். செய்தி வாசிக்கிற பெண்ணின் சேலை நிறம் எதிர்ச் சுவரில் தெரிந்தது. அம்மா நல்லா இருக்குங்க என்றாள். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாளும் அதே கதை. பத்து நிமிஷம், பிறகு பால். மூன்றாம் நாள் துணி மடிக்கணும், நாலாம் நாள் தலை வலிக்குது. ஒருநாள் சந்தேகப்பட்டு மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தேன், அடுப்பே பற்றவைக்கவில்லை. சமையலறை மேஜையில் ரேடியோவைச் சின்னச் சத்தத்தில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து, அவ்வளவு பெரிய திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தேன். என் பங்குக்குக் கூப்பிடத்தான் செய்தேன், இங்க வா, இந்தக் கறுப்பைப் பாரு, எவ்வளவு கறுப்பா இருக்கு என்று, கஸ்டமரிடம் படத்தின் தரத்தைக் காட்டுகிற மாதிரியே. அவள் அங்கிருந்தே ம் என்றாள்.

ஒரு மாதம் இப்படிப் போனது. இடையில் மீன் வேறு. ரிமோட்டைப் பத்து நிமிஷம் தொடாமல் விட்டால் ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சி போய் ஆரஞ்சு நிற மீன்கள் வரும், கடலுக்கடியில் வளைந்து வளைந்து நீந்தும், கீழே ஒரு பட்டையில் நிஜத்தை மிஞ்சும் நிறம் என்று எழுத்து ஓடும். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. கடையில் எல்லா டிவியிலும் மீன் வரும், நாற்பத்திரண்டு டிவியிலும் ஒரே நேரத்தில் ஒரே மீன் திரும்பும், டிவி என்றால் மீன் வரும் என்றுதான் வருஷக்கணக்காக என் கண்ணுக்குப் பழக்கம். ரிமோட்டைத் தொட்டால் போய்விடும். கம்பெனிக்காரன் விளம்பரம், நாம் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிட்டேன். உன் மகனுக்கு மட்டும் அந்த மீன்கள்மேல் கொள்ளை ஆசை, போனில் பாட்டியை நகரச் சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் எத்தனை மீன் என்று எண்ணுவான், உனக்கே தெரியும்.

பிறகு அம்மா, உன் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், நானும் சாதாரணமாகத்தான் தலையாட்டினேன், ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது வாலு. உனக்குச் சொல்வதற்கென்ன. நானும் உன் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழு நாளைச் சேர்ந்து கழித்தது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணலாம். அவளுக்குக் காலை வேலை, எனக்குக் கடை சாத்தும் வரை வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வியாபாரமே. இப்போதுதான் ஒரே கூரைக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கிறோம். பார்த்துவிட்டாள், இந்த ஆளோடு உட்கார முடியாது என்று முடிவு பண்ணிவிட்டாள், இனி இருக்கிற வருஷங்களை அவள் ரேடியோவோடு ஓர் அறையிலும் நான் மீனோடு ஓர் அறையிலும் கழிக்கப் போகிறோம் என்று நினைத்தேன். கேட்டபோதெல்லாம் இல்லை என்றவன், கேட்பதை நிறுத்திய பிறகு கொண்டுவந்து நீட்டினால் இப்படித்தான் ஆகும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இதை உன்னிடம் போனில் எப்படிச் சொல்வேன், அவள்தான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குக் கிளம்பினேன். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும், அங்கே நாலு பேரோடு நின்று பேசிவிட்டு வருவேன். அன்றைக்குக் கடைக்காரர் எங்கேயோ வெளியே போயிருந்தார், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உடனே திரும்பிவிட்டேன். நம் ஹால் ஜன்னலைக் கடக்கும்போது திரைச்சீலை ஒரு சாண் விலகியிருந்தது. உள்ளே உன் அம்மா. என் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. போன வருஷம் கண் ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, பக்கவாட்டிலும் மூடியிருக்குமே, அந்தப் பெரிய கண்ணாடி. ஏதோ ஒரு நகைச்சுவைக் காட்சி போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் சிரிப்பும் கேட்கவில்லை, டிவியும் கேட்கவில்லை, படம் மட்டும்தான். பார்க்கிறாள், ஆசையாகத்தான் பார்க்கிறாள், நான் இல்லாத நேரமாகப் பார்த்துப் பார்க்கிறாள். காலிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எதிர்வீட்டு வாத்தியார் வெளியே வந்து, என்ன, சாவியைத் தொலைச்சுட்டீங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வேண்டுமென்றே பலமாக இருமிக்கொண்டு கதவைத் திறந்தேன். நான் உள்ளே வருவதற்குள் டிவி அணைந்துவிட்டது, கண்ணாடி நாற்காலி மெத்தைக்கு அடியில் போய்விட்டது, உன் அம்மா கையில் எங்கிருந்தோ ஒரு துணி வந்து அதை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மெத்தையைத் தூக்கிக் கண்ணாடியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்தது. என்னோட உக்காந்து பாக்க அவ்வளவு கஷ்டமா இருக்கா என்று கேட்டுவிட்டேன். அவள் கண்ணாடியை மடக்கினாள், விரித்தாள். பிறகு கொட்டினாள் பார். கண்ணு கூசுதுங்க, தீப்பெட்டிய மூஞ்சிக்கு நேரா கொளுத்தின மாதிரி இருக்கு, பத்து நிமிஷத்துக்கு மேல தலையே பிளக்குது, நீங்க கடைசி நாள் அவ்வளவு ஆசையா தூக்கிட்டு வந்தீங்க, அதப் போய் குறை சொல்ல மனசு வரல, இந்தக் கண்ணாடிய உங்க முன்னால போட்டா உங்களுக்கு எப்படி இருக்கும் என்றாள். வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். குறைச்சுப் பாத்தேன், அஞ்சே நிமிஷத்துல அதுபாட்டுக்குத் திரும்ப ஏறிடுது, உங்கள மாதிரியே பிடிவாதம் என்றாள். அதோடு விட்டாளா. நீங்க பக்கத்துல இருந்தா கறுப்பப் பாரு, ஓரத்தப் பாரு, எத்தனை கோடி நிறம் பாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க, அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுறான்னு எனக்குத் தெரிய வேணாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் மெத்தையைத் தட்டித் தட்டிச் சரி செய்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு ஏணியைக் கூப்பிட்டேன். வந்து நின்றார், ரிமோட்டைக் கையில் வாங்குவதற்குள் மீன் வந்துவிட்டது. அந்த மனுஷன் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மீனைப் பார்த்தார், அவ்வளவு உயரத்தையும் மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணே, டிவி வீட்டுக்கு வந்து ஒன்றரை மாசம் ஆச்சு, இது இன்னும் கடையிலதான் இருக்கு என்றார். விஷயம் என்னவென்றால், முதலில் டிவி கேட்கிற கேள்விகளில் ஒன்று, என்னை எங்கே வைக்கப் போகிறீர்கள், வீட்டிலா கடையிலா என்பது. கடை என்று அழுத்தினால், பத்து விளக்குக்கு நடுவே தூரத்திலிருந்து வருகிறவன் கண்ணை இழுக்க வேண்டும் என்று வெளிச்சத்தை உச்சியில் வைக்கும், யார் குறைத்தாலும் தானாக ஏற்றிக்கொள்ளும், சும்மா விட்டால் விளம்பர மீனை ஓட்டும். கேள்வி கேட்கிற டிவி வந்த நாளிலிருந்து நான் கடை என்றுதான் அழுத்தியிருக்கிறேன். வீடு என்று ஒரு பதில் இருப்பதே என் கட்டைவிரலுக்குத் தெரியாது. வீட்டில் மாட்டுகிற வேலை ஏணியுடையது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு கஸ்டமர் போன் பண்ணி டிவியில் மீன் வருகிறது என்று புகார் சொல்வார்கள், ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி ஏணியை அனுப்புவேன், அவர் போய் என்ன செய்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை வீட்டுக்குப் போய் மீனைப் பிடிச்சிருக்கேன், டிவி வித்தவர் வீட்லயே பிடிச்சது இதான் முதல் தடவை என்றார். இதை வெளியே சொல்லாதே என்று இரண்டு டீ போட்டுக் கொடுத்தோம். குடித்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் மேனேஜர் போன் பண்ணி, சார், மீனெல்லாம் சௌக்கியமா என்று கேட்கிறார்.

வீடு என்று மாற்றியதும் திரை சட்டென்று மங்கிவிட்டது. ஐயோ போச்சு, கெட்டுப் போயிடுச்சு என்று நான் எழுந்தேவிட்டேன். இதுதாண்ணே சரியான வெளிச்சம், கொஞ்ச நேரம் பாருங்க என்றார் ஏணி. அவர் போன பிறகு நான் அந்த மங்கலையே முறைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் ரேடியோ நின்றது. உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், கண்ணாடி இல்லை. தொடர் ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஆனது, நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது ஆனது. விளம்பரம் வந்து போனது. அவள் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் ராத்திரிக் காட்சி வந்தது, கறுப்பைப் பற்றிச் சொல்ல என் வாய் தானாகத் திறந்தது, அவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினாள், மூடிக்கொண்டேன். முடிந்ததும், அந்தப் பெண் எதற்கு அழுதாள் என்று எனக்கு முதல் எபிசோடிலிருந்து கதை சொன்னாள். அரை மணி நேரத் தொடருக்கு முக்கால் மணி நேரம் கதை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது வாலு. இப்போது தினமும் அப்படித்தான். பெரியம்மா வீட்டுப் பேச்சையே காணோம், கேட்டால், அக்காவ இங்க வரச்சொல்லுங்க, டிவி பாக்கலாம் என்கிறாள். உன் மகன் மீனைக் கேட்டு அழுதான் அல்லவா, அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் டிவியைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். பேசி முடித்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறேன். அந்தக் கால் மணி நேரம் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். பாட்டி ஏன் ஹீரோ மாதிரி இருக்கிறாள் என்று அவன் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

இனிதான் உனக்கென்று எழுத வந்தது. அந்தப் புதன்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்றேன் என்று சொன்னேனே, அப்போது நீதான் என் நினைவில் வந்தாய். நீ ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பாய். புத்தகப் பையை முதுகில் போடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருப்பாய். வேலை நேரத்தில் குடும்பத்தார் உள்ளே வரக் கூடாது என்று அப்போதிருந்த மேனேஜர் சொல்லியிருந்தார், அது அவர் சட்டம். ஆனால் கை காட்டாதே, அப்பா என்று கூப்பிடாதே என்று உன்னிடம் சொன்னது நான்தான், அது என் பயம். அதற்குப் பதிலாக மூன்றே முக்காலுக்கு ஜன்னல் டிவியில் பொம்மைப் படம் போட்டு வைப்பேன், குழந்தைகள் நின்றால் பெற்றோர் உள்ளே வருவார்கள் என்று மேனேஜரிடம் ஒரு காரணம் சொல்லியிருந்தேன். இருபது நிமிஷம் நிற்பாய், உன் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் பனிக்கும், அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பாய், பிறகு போய்விடுவாய். சத்தம் ஒரு துளி வெளியே வராது. வீட்டில் டிவி இல்லாத பிள்ளை, ஐந்து வருஷம் சத்தமில்லாமல் பொம்மைப் படம் பார்த்தாய். நான் அதைப் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நின்று சிரிப்பை மட்டும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது. ஒரே ஒரு நாளாவது கதவைத் திறந்து உள்ளே வாம்மா என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் என்ன, கடித்தா தின்றிருப்பார். அதற்காக அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ இதையெல்லாம் மறந்திருப்பாய், நான் மறக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த லீவுக்கு வரும்போது ஹாலில் நடு நாற்காலி உனக்கு. எது வேண்டுமோ அதைச் சத்தத்தோடு பார், எவ்வளவு வேண்டுமானாலும் கூப்பிடு, கை காட்டு.

உங்கள் புது வீட்டுக்கு டிவி வந்து இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பழக்க தோஷம், நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நின்றுகொண்டு உயரம் பார்த்து மாட்டாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள், கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும், கழுத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு அது நிலா இல்லை. ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பெட்டியை ஒரு மாதத்துக்குத் தூக்கிப் போடாதே, உன் மகன் அதற்குள் வீடு கட்டி விளையாடுவதாகச் சொன்னான், விளையாடட்டும். ராத்திரி வேலை முடித்து வருகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது, இங்கே நான் இரண்டு கிலோ கூடிவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், சிரித்த முகத்தோடு, எந்நாளும் ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, ஆன் பண்ணியதும் அது கேட்கிற கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா

அம்மா எழுதுவது. உறை ஒட்டுவது என் வேலை என்று காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன், இருபத்தாறு வருஷம் ஊரார் கடிதத்தைப் பிரிக்காமல் இருந்த கை, புருஷன் கடிதத்தைப் படித்தால் தப்பில்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், என் தலைவலியைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறார். கடைசியில் எழுதியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷமாக நீ பொம்மைப் படம் பார்க்க வந்து நின்றாய் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷர்? நீ எழுவதற்கு முன்னால் கிளம்பி, நீ தூங்கிய பிறகு வருவார். பிள்ளை அப்பா முகத்தையே மறந்துவிடப் போகிறது என்றுதான் பள்ளிக்கூடம் விட்டதும் கடைவழியாகச் சுற்றிக்கொண்டு வா, அப்பாவைப் பார்த்துவிட்டு வா என்று நான் உன்னை அனுப்பினேன். நீ வீட்டுக்கு வந்து ஒருநாளாவது பொம்மைப் படக் கதை சொல்லியிருக்கிறாயா? அப்பா இன்னைக்கு மூணு கொட்டாவி விட்டாரு, அப்பா பெரிய டிவி ஒண்ணு வித்துட்டாரு, அப்பா சிரிச்சாரு ஆனா அது நிஜச் சிரிப்பு இல்ல என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாய். மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் வந்து, அப்பா யாரும் பாக்காதப்போ ஷூவுல இருந்து குதிகாலை வெளிய எடுத்து ஒத்தக் கால்ல நிக்கிறாரும்மா என்றாய். அடுத்த நாள்தான் நான் போய் ஒரு அளவு பெரிய ஷூ வாங்கி வந்தேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இதை அவரிடம் நான் சொல்லப் போவதில்லை, உறையை இப்போதே ஒட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயே சொல். நான் மீனுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனை அவர் கையில் கொடுக்கிறேன்.